கணிதத்துக்கு யார் வருவார்? நியமனப் பாடம் பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

சீனன்குடாச் சந்தியில் காலை ஆறரை மணிக்கு நின்றால், மா ஆலைக்கும் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். அதே பஸ்ஸில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் திருகோணமலைப் பட்டினத்துக்கு ஏறுவார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பாடசாலை இருக்க ஏன் இந்த அலைச்சல் என்று கேட்டால், பெற்றோரிடமிருந்து வருகிற பதில் அனேகமாக ஒன்றுதான்: "கணிதத்துக்கு ஆள் இல்லை."

ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இப்படிச் சொல்லப்படும் பாடசாலைகள் சிலவற்றில் ஆசிரியர் அறை நிறைந்தே இருக்கும். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் என்று நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கி வந்தவர்தான் அங்கே இருக்கமாட்டார். நியமனப் பாடம் என்கிற அந்த ஒற்றை வரி, பதினாறு வயதுப் பிள்ளை உயர்தரத்தில் எந்தத் துறைக்குப் போகலாம் என்பதைப் பல வருடங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது. அந்த வரியை விரிக்க முடியுமா, யார் விரிப்பது, விரித்தால் பிள்ளைக்கு நன்மையா என்று பெற்றோரும் இளம் ஆசிரியர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விளக்கம் தருகிறேன்.

நியமனப் பாடம் என்றால் என்ன? ஆசிரியர் என்றால் எதையும் படிப்பிக்கலாம்தானே?

வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் இருப்பதுபோல ஆசிரியருக்கென்று தனியான உரிமப் பத்திரம் இலங்கையில் இல்லை. அரச பாடசாலை ஆசிரியர்களை ஆள்வது இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு. இப்போது நடைமுறையில் உள்ள குறிப்பு 2014 ஒக்டோபர் 23ஆம் திகதி, 1885/38 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியானது. யார் சேரலாம், எந்தத் தகைமைக்கு எந்தத் தரம், பதவி உயர்வு எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

சேவைக்குள் வர இரண்டு பெரிய வாசல்கள் உண்டு. ஒன்று கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இக்கல்லூரிகளுக்கு உயர்தரப் பெறுபேற்றின்படி, பாடவாரியாகத்தான் பிள்ளைகளை எடுக்கிறார்கள். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி, பிறகு தேசிய கற்பித்தல் டிப்ளோமா. கிழக்கில் தமிழ்மொழி மூலம் இதைப் படிக்க மட்டக்களப்புக்கோ அட்டாளைச்சேனைக்கோ போகவேண்டும். மற்ற வாசல், பட்டதாரிகளுக்கான போட்டிப் பரீட்சை. எந்த வாசலால் வந்தாலும் கையில் கிடைக்கும் கடிதத்தில் பாடமும் மொழிமூலமும் எழுதப்பட்டிருக்கும். வலயக் கல்வி அலுவலகம் ஆளணியைக் கணக்கிடுவதும், மிகை எங்கே, பற்றாக்குறை எங்கே என்று பார்ப்பதும் அந்த வரியை வைத்துத்தான்.

ஆகவே ஒரு பாடசாலைக்கு இருபது ஆசிரியர் தேவை, இருபது பேரும் இருக்கிறார்கள் என்று தாளில் வரலாம். அதற்குள் வரலாற்றுக்கு இருவர் கூடவும் கணிதத்துக்கு ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அங்கே குறை எதுவும் தெரியாது.

எங்கள் பிள்ளைக்குச் சமூகக்கல்வி ரீச்சர்தான் கணிதம் படிப்பிக்கிறா. அது சரியா?

சட்டவிரோதம் இல்லை. நேரசூசியில் வெற்றுப் பாடவேளையை நிரப்புவது அதிபரின் பொறுப்பு. ஆள் இல்லாத இடத்தில் இருக்கிறவரிடம் கொடுக்கிறார். பல அதிபர்கள் மனம் வருந்தித்தான் அதைச் செய்கிறார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எங்களுக்குக் கணிதம் எடுத்தவர் புவியியல் பட்டதாரி. பழைய கணக்குக் கொப்பி ஒன்றின் பின்பக்கங்களில் மறுநாளைக்குரிய கணக்குகளை எல்லாம் முதலே செய்துபார்த்துக்கொண்டு வருவார். தெரியாததைக் கேட்டால், "நாளைக்குச் சொல்லுறன்" என்பார். மறுநாள் மறக்காமல் சொல்வார். அவரிடம் படித்ததால்தான் கணிதம் எனக்குப் பயமாக இல்லை. ஆனால் பதினோராம் வகுப்பில் இருபடிச் சமன்பாடும் வட்டத் தேற்றங்களும் வந்தபோது அவரால் முடியவில்லை. அதை அவரே வகுப்பில் ஒத்துக்கொண்டார். அவருக்கு எவரும் ஒரு பயிற்சியோ ஒரு நூலோ தரவில்லை. வருடக்கணக்காக அவர் செய்த வேலை அவருடைய கோவையில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை.

இன்றைக்கும் நிலை அதுதான். அந்தச் சமூகக்கல்வி ரீச்சர் கணித ஆசிரியருக்கான கருத்தரங்குக்கு அழைக்கப்படாமல் போகலாம். அவர் கணிதம் எடுப்பதால் வெற்றிடம் நிரம்பியதாகத் தோன்றி, உண்மையான கணித ஆசிரியரைக் கேட்கும் குரலும் தணிந்துவிடும். பத்து வருடம் எடுத்தாலும் பதிவேட்டில் அவர் சமூகக்கல்வி ஆசிரியர்தான். இடமாற்றம் வந்தால் சமூகக்கல்வி வெற்றிடத்துக்கே போவார். சேர்த்த அனுபவம் அதோடு போய்விடும்.

ஓ.எல். வரை எப்படியும் சமாளிக்கலாம். உயர்தரத்துக்குப் பட்டினம் இருக்கிறதே?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். இழப்பு எங்கே நடக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

பல்கலைக்கழக அனுமதியில் பொறியியல், மருத்துவம், பௌதிக விஞ்ஞானம் போன்ற கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. திருகோணமலை அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. அதாவது, கணிதத்திலோ உயிரியலிலோ படிக்கிற நமது மாவட்டப் பிள்ளைக்கென்று அரசு கதவைக் கொஞ்சம் அகலமாகவே திறந்து வைத்திருக்கிறது. கலைத்துறைக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் இல்லை. அங்கே நாடு முழுவதற்கும் ஒரே போட்டி.

இப்போது சீனன்குடாப் பக்கத்துப் பிள்ளை ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து கணிதத்துக்கு நிலையான ஆசிரியர் இல்லை. சாதாரண தரத்தில் சாதாரண சித்தியோடு தப்பியது. அந்தப் பெறுபேற்றோடு பட்டினத்துப் பாடசாலையின் கணிதப் பிரிவுக்கு விண்ணப்பித்தால் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் இணைந்த கணிதத்தின் முதல் மாதத்திலேயே பிள்ளை தளர்ந்துவிடும். கடைசியில் கலைப்பிரிவு. சலுகை இருக்கிற துறைக்குள் நுழைய முடியாமல், சலுகை இல்லாத துறையில் கொழும்பு, கண்டிப் பிள்ளைகளோடு போட்டி போடுகிறது. மாவட்டத்துக்கான அந்த இடங்கள் வீணாவதில்லை. நகரத்தின் சில பாடசாலைகளில் படித்தவர்கள் அவற்றை நிரப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பின்தங்கிய மாவட்டத்துக்கென்று வந்த ஒதுக்கீடு, அந்த மாவட்டத்துக்குள் மிகவும் பின்தங்கிய பிள்ளையைச் சேரவில்லை.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஆறாம் வகுப்புக் கணித ஆசிரியர். அதனால்தான் உயர்தரத்துக்கு ஆள் தேடுவதைவிட, ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளுக்கு ஆள் தேடுவது அவசரம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நம் கண்முன்னே நிற்கின்றன. அவற்றை அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் உடன்படிக்கை கைச்சாத்தானது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. அந்த வேலைகளுக்குத் தொழில்நுட்பவியலாளரும் பொறியியலாளரும் தேவைப்படுவார்கள். தாங்கிகளின் நிழலில் வளர்ந்த பிள்ளை அந்த வாயிலில் காவல் வேலைக்கு மட்டும் விண்ணப்பிக்கிற நிலை வரக்கூடாது.

வெளிநாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் ஆசிரியர் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே வழங்குகிறது. உரிமத்தில் எந்தப் பாடம், எந்த வகுப்பு என்று குறிப்பு இருக்கும். ஏற்கெனவே உரிமம் உள்ளவர் குறித்த பாடநெறியை முடித்து, அல்லது பாடப் பரீட்சையில் சித்தியடைந்து, இன்னொரு பாடத்தை அதே உரிமத்தில் சேர்த்துக்கொள்ள முடியும். கணிதம், விஞ்ஞானம், விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான கல்வி போன்ற தட்டுப்பாட்டுப் பாடங்களுக்கு இந்த வழியை விரிக்க மாநில சட்டசபைகளில் சட்டங்கள் வருகின்றன. அதோடு, வறிய பகுதிப் பாடசாலையில் ஐந்து வருடம் தொடர்ந்து கணிதமோ விஞ்ஞானமோ படிப்பித்த இடைநிலை ஆசிரியரின் படிப்புக் கடனில் 17,500 டொலர் வரை மத்திய அரசு தள்ளுபடி செய்கிறது.

தமிழ்நாட்டில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளை எழுதுகிறார்கள். அதில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து ஒரே பிரிவாக 60 வினாக்கள். பௌதிகவியல் படித்தவர் கணிதத்திலும் சோதிக்கப்பட்டே உள்ளே வருகிறார். இந்தத் தேர்வுக்கு 2010 ஆகஸ்டில் இந்தியாவின் தேசிய ஆசிரியர் கல்விக் குழு வழிவகுத்தது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் உள்ள, ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இதில் தேற வேண்டும் என்று 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே பணியில் உள்ள ஆசிரியர் இரண்டாவது பாடம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறதா?

இப்போது பழக்கத்தில் இருப்பது மாற்றம். புதிய பட்டமோ பயிற்சியோ பெற்றவர், அதிபர் ஊடாகவும் வலயம் ஊடாகவும் நியமன அதிகாரியிடம் நியமனப் பாடத்தை மாற்றித் தரும்படி கேட்கலாம். அப்படி மாறினால் பழைய பாடம் போய்விடும். அதனால் பலர் தயங்குகிறார்கள். பழைய பாடத்தை வைத்துக்கொண்டே இரண்டாவதையும் எழுதிக்கொள்கிற வழிதான் தேவை.

அதற்குப் பிரமாணக் குறிப்பு திருத்தப்பட வேண்டும். கல்வி அமைச்சு முன்மொழிந்து, அரசாங்க சேவை ஆணைக்குழு ஏற்று, வர்த்தமானியில் வரவேண்டும். பயிற்சிக்கான கட்டமைப்பைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய கல்வி நிறுவகம் இருக்கிறது. விடுமுறைகளில் மட்டக்களப்பு, அட்டாளைச்சேனைக் கல்லூரிகளின் மண்டபங்களும் ஆய்வுகூடங்களும் இருக்கின்றன. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம், பிரயோக விஞ்ஞான பீடத்தோடு இருக்கிறது. சீனன்குடாவிலிருந்து ஒரு ஆசிரியர் சனிக்கிழமை போய்ப் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம்.

இப்படி ஆளுக்கு இரண்டு பாடம் எழுதிக் கொடுத்தால் தரம் குறையாதா?

குறையலாம். இந்தக் கேள்வியைக் கேட்ட பெற்றோருக்கு என் நன்றி. இதை அதிகாரிகளும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கு நாள் கருத்தரங்கு ஒன்றை வைத்து, சான்றிதழ் கொடுத்து, வெற்றிடப் பட்டியலிலிருந்து இலக்கத்தைக் கழித்துவிட்டால் பிள்ளைக்கு எதுவும் மாறியிருக்காது. முன்பு ஆள் இல்லை என்று முறையிட முடிந்தது. இனி அதுவும் முடியாது.

என் பார்வையில் மூன்று எல்லைகள் அவசியம். இரண்டாவது பாடத்துக்கான தகுதி முதலில் ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளுக்கு மட்டுமே இருக்க வேண்டும். பாட அறிவைச் சோதிக்கும் எழுத்துப் பரீட்சை ஒன்று, வகுப்பறையில் பார்த்து மதிப்பிடும் கற்பித்தல் சோதனை ஒன்று, இரண்டும் இருக்க வேண்டும். தகுதி பெற்றவருக்குச் சிறு கொடுப்பனவேனும் தரவேண்டும். இல்லாவிட்டால் கூடுதல் வேலையைத் தலையில் கட்டுகிறார்கள் என்ற எண்ணமே மிஞ்சும். உயர்தர இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் அந்தப் பட்டம் பெற்றவரே எடுக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கிழக்கு மாகாண சபை இதற்கு ஒரு சட்டம் கொண்டுவர முடியாதா?

1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின்படி கல்வியில் கணிசமான பங்கு மாகாணத்துக்கு உரியது. மாகாணப் பாடசாலை ஆசிரியர்களின் நியமனமும் இடமாற்றமும் திருகோணமலையில் உள்ள மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவும் மாகாணக் கல்வித் துறையும் பார்ப்பவை. ஆனால் ஆசிரியர் சேவை நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால் தகைமையின் அடிப்படையை மாகாணம் தனித்து மாற்ற முடியாது. பயிற்சி நடத்தலாம், ஆசிரியர்களைச் சமமாகப் பங்கிடலாம், கஷ்டப் பிரதேசத்துக்குப் போகிறவரை ஊக்குவிக்கலாம். மாகாணத்தின் 17 கல்வி வலயங்களில் ஐந்து நமது மாவட்டத்தில் உள்ளன: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய். அவற்றுக்கிடையே மிகையையும் குறையையும் ஒப்பிட்டுச் சீர்செய்யப் புதிய சட்டம் தேவையில்லை.

நியதிச்சட்டம் இயற்றுவதற்குச் சபை வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரோடு முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரின் கீழேயே நிர்வாகம் போகிறது. பட்டினத்தில் உள்ள தேசிய பாடசாலைகள் நேரடியாக மத்திய அமைச்சின் கீழ் வருவதால், அங்கே மிகையாக உள்ள ஆசிரியரைப் பத்துக் கிலோமீற்றர் தள்ளியுள்ள மாகாணப் பாடசாலைக்கு மாற்றுவதுகூட இரண்டு நிர்வாகங்களைத் தாண்டிய காரியமாகிவிடுகிறது.

வேலையில்லாப் பட்டதாரிகள் இத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களை நியமித்தால் முடிந்துவிடாதா?

பாதிதான் முடியும். 2020இல் அரச சேவைக்கு எடுக்கப்பட்ட பட்டதாரிகள் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பாடசாலைகளில் இணைக்கப்பட்டு, கற்பித்தும் வருகிறார்கள். தங்களை ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கும்படி அவர்கள் கேட்பது நியாயமானது. அவர்களுக்கு முன்பிருந்தே தொண்டர் ஆசிரியர்கள், போர்க்காலத்திலும்கூட, சம்பளமில்லாமல் வகுப்புகளைக் காப்பாற்றியவர்கள். ஆனால் இந்தப் பட்டியல்களில் பெரும்பாலோர் கலைப் பட்டதாரிகள். கணிதப் பட்டதாரி வேறு வேலைக்கு இலகுவாகப் போய்விடுகிறார். எல்லோரையும் உள்வாங்கினாலும் தமிழுக்கும் சமூகக்கல்விக்கும் மிகை கூடி, கணிதத்தின் வெற்றிடம் அப்படியே இருக்கும். ஆகவே உள்வாங்கும்போதே, உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ வர்த்தகமோ படித்து வேறு பட்டம் பெற்றவர்களை இனங்கண்டு, அவர்களை முதலில் அந்த இரண்டாவது பாடப் பயிற்சிக்கு எடுக்கலாம். எனக்குத் தெரிந்த பொருளியல் பட்டதாரி ஒருவர் பத்தாம் வகுப்புக் கணிதத்தை மிக அழகாகப் படிப்பிக்கிறார், ரியூசனில்.

வருகிறவர்களும் இரண்டு மூன்று வருடத்தில் இடமாற்றம் வாங்கிப் போகிறார்களே?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ குடும்பம் உள்ள இளம் ஆசிரியர் ஊர் திரும்ப நினைப்பதில் தவறில்லை. போதாக்குறைக்கு, பொருளாதார நெருக்கடியின்போது வந்த 14/2022 இலக்கச் சுற்றறிக்கை, அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு செல்ல இடம் கொடுத்தது. ஆங்கிலமும் கணிதமும் தெரிந்தவர்களுக்கு அந்த வழி முதலில் திறந்தது.

இதனால்தான் இந்த ஊரிலேயே வீடும் பிள்ளைகளும் உள்ள, ஏற்கெனவே பணியில் இருக்கிற ஆசிரியர்களுக்கு இரண்டாவது பாடம் கொடுப்பதை நான் வலியுறுத்துகிறேன். அந்தச் சமூகக்கல்வி ரீச்சர் எங்கும் போகமாட்டார். அவருடைய சொந்தப் பிள்ளையும் அனேகமாக இங்கேதான் படிக்கிறது.

பெற்றோர் நாங்கள் இப்போது செய்யக்கூடியது என்ன?

முதலில், பாடசாலையின் பாடவாரி ஆளணியைக் கேட்டுப் பெறுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள், அந்தப் பாடத்துக்கே நியமனம் பெற்றவர் எத்தனை பேர், நேரசூசியில் அதை உண்மையில் எடுப்பவரின் நியமனப் பாடம் என்ன என்று மூன்றையும் கேளுங்கள். ஆசிரியர்களின் பெயர் தேவையில்லை, எண்ணிக்கை போதும். இதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்ததற்கு எழுத்துமூலம் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதன் பின் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஒரு பெற்றோர் தனியாகக் கேட்கத் தயங்கினால், வெள்ளைமணலிலும் கப்பல்துறையிலும் சீனன்குடாவிலும் உள்ள பெற்றோர் ஒரே நாளில் தத்தமது பாடசாலைக்குத் தனித்தனியாகக் கொடுக்கலாம். தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் இதில் வெற்றிடம் ஒன்றுதான்.

கையில் அந்த எண்கள் வந்தபின், வலயக் கல்விப் பணிப்பாளரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். போகும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கணிதக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.